வாயில் மீன் வைத்த நாள்

மகனே,

நலம் விசாரித்து எழுதுகிற கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை வந்து என் எதிரில் உட்கார்ந்து, நான் வறுத்து வைத்த நெத்திலியை ஒன்று விடாமல் தின்றுவிட்டு, லேப்டாப்பைத் திறந்து எதையெதையோ காட்டிவிட்டுப் போனாயே, அப்போதே பார்த்தேன். கன்னம் உப்பியிருக்கிறது. தொப்பை விழ ஆரம்பித்திருக்கிறது. கஷ்டப்பட்டவர்களுக்கு உதவி செய்கிற வேலையில் இப்படி உடம்பு வைக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் நானும் கூடையை இறக்கி வைத்துவிட்டு உங்களோடு சேர்ந்திருப்பேன்.

இதை உனக்குத் தனியாக எழுதித் தபாலில் போட்டிருக்கலாம். முத்தியால்பேட்டையில் என்னிடம் மீன் வாங்குகிற ஒரு வாத்தியார் சின்னதாகப் பத்திரிகை நடத்துகிறார். கன்னியாஸ்திரீ மதர்மார் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள் நான் என்று அவருக்குத் தெரியும். "எதனா எழுதிக் குடுங்கம்மா, போடறேன்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கொடுக்கிறேன். பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்ளட்டும், சூடு இருந்தால் அப்படியே விட்டுவிடட்டும். அம்மா மகனுக்கு எழுதுவதை ஊரே படிக்க வேண்டுமா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னை நீ ஊரார் எதிரில் மேடையேற்றித் தின்னவைத்தாய். நான் உனக்கு ஊரார் எதிரில் எழுதுகிறேன்.

நீ போகப்போகிற தீவைப் பற்றி நீதான் சொன்னாய். கிழக்கே எங்கோ, விமானம் மாறி மாறிப் போக வேண்டிய தூரம். பெரும்புயல் அடித்துக் குடிசை, படகு, வலை எல்லாம் போய், மீன்பிடிக்கிற ஜனங்கள் கூடாரத்தில் கிடக்கிறார்கள் என்றாய். கரையேறிய கொஞ்சம் மீனையும் பட்டணத்துக்காரர்கள் வாங்கமாட்டேன் என்கிறார்களாம், கடலில் பிணம் மிதக்கிறதாம். இதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தால் பிள்ளைகளுக்கு வருமே, அந்த வெளிச்சம். பிறகு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாய். அதில் நான் இருந்தேன். கையில் தட்டு, வாயில் மீன், முகத்தில் சிரிப்பு.

"நம்ம ஊர்ல பண்ணோமே, அதே மாதிரிதாம்மா அங்கயும். உன் போட்டோவதான் மொதல்ல காட்டப்போறேன்" என்றாய்.

"யாரு சாப்புடப்போறாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு அம்மா இருக்காங்களாம். அவங்க ஊட்டுக்காரரு இன்னும் கெடைக்கல. அவங்க சாப்ட்டாதான் எல்லாரும் நம்புவாங்க."

நான் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அம்மா பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நீயே முடிவு செய்துகொள்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டையில் இருக்கிற உன் வீட்டுக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்கு அவள் நினைப்புதான். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது, அவள் பாஷை தெரியாது, அவள் கும்பிடுகிற சாமி தெரியாது. ஆனால் நீ அவளிடம் எந்தக் குரலில் பேசுவாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலுக்குப் பிறகு அவளுக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும். உனக்குத்தான் தெரியாது. நீ கேட்கவே இல்லை. அதனால் சொல்கிறேன்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முத்தியால்பேட்டையில் கூடையோடு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை எந்த மீன்காரியும் விடமாட்டாள். உன் அப்பா கரையில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஜனங்கள் ஓடிவந்தபோது நான் நம்பவில்லை, குடிகாரன் எவனோ கிளப்பிவிட்டான் என்று நினைத்து வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். குப்பத்துக்கு வந்து பார்த்தால் நம் வீட்டுக்குச் சுவர் இல்லை. அவர் உட்கார்ந்த இடமும் இல்லை, மணல் புதிதாக, சுத்தமாக இருந்தது. அப்போது நீ காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாய். நீயும் நானும் ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் நின்றோம், ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்தோம். உனக்கு அங்கே வாந்தி வந்தது. எனக்கு வரவில்லை. மற்ற வீடுகளில் எல்லாம் உடம்பு கிடைத்துப் புதைத்தார்கள். நமக்குக் கிடைக்கவில்லை.

நம் குப்பத்து வழக்கம் உனக்கு மறந்திருக்கும், இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியாது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரைக்கும் அடுப்பில் மீன் ஏறாது. கருமாதி அன்றைக்கு மீன் குழம்பு வைத்து, செத்தவருக்கு மிகவும் வேண்டியவர் முதல் வாய் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். துக்கம் முடிந்ததா என்று எங்கள் ஆட்கள் நேராகக் கேட்கமாட்டார்கள். "வாயில மீன் வச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வைத்தாயிற்று என்றால் போனவர் போய்விட்டார், இருக்கிறவர்கள் பிழைப்பைப் பார்க்கலாம் என்று அர்த்தம். வேறு எந்தப் பேச்சும் தேவையில்லை. பஞ்சாயத்தாரும் அதைத்தான் கேட்பார்கள், சொந்தக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

உன் அப்பா செத்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. பைத்தியக்காரி ஒன்றும் இல்லை நான். கடலில் போனவர்கள் வேறு கரையில் ஒதுங்கிப் பல நாள் கழித்து வந்த கதை எங்கள் ஆட்களிடம் உண்டு. வருகிற வரைக்கும் மீன் வேண்டாம் என்று மட்டும் இருந்தேன். அந்த ஒரு விஷயத்தைத்தான் நான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் அத்தை, அவருடைய அக்கா, தினமும் வந்து நாம் தங்கியிருந்த நிவாரணக் கூடாரத்து வாசலில் நின்று என் சட்டியை எட்டிப் பார்ப்பாள். ரசமும் அப்பளமும் இருந்தால் அவளுக்கு ஒரு நிம்மதி. அப்படியே திரும்பிப் போய்விடுவாள். அவளும் தம்பிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள், என் வாயைப் பார்த்துக்கொண்டு.

தை மாதம் முடிகிற சமயத்தில் பிழைத்த படகுகளில் சில பேர் கடலுக்குப் போக ஆரம்பித்தார்கள். கொஞ்சம் மீன் வந்தது. வாங்க ஆள் இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். தெருவுக்குத் தெரு கதவைச் சாத்தினார்கள். வருஷக்கணக்காக என்னிடம் வாங்குகிற சொல்தா வீட்டு அம்மா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவருக்குப் பிரான்ஸ் பென்ஷன் வருகிற வீடு, மீனை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சிரிக்கிற மகராசி, அன்றைக்குக் கேட்டைத் திறக்காமலே பேசியது.

"ஏம்மா, உன் ஊட்டுக்காரரையே இன்னும் காணோம்ன்ற. எந்த மீனு எதத் துன்னுச்சோ. எங்களுக்கு எப்பிடிம்மா எறங்கும்?"

"குப்பயக் கெளர்ற கோழி இன்னா துன்னுச்சின்னு கேட்டுட்டா வாங்கறீங்க?" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வாய்க்கு மட்டும் எனக்கு எப்போதும் குறைச்சல் இல்லை. ஆனால் தெருமுனை வரைக்கும்தான் அந்த வாய். அங்கே கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தச் சங்கரா மீன்களின் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை அந்த நினைப்பு எனக்கு வந்ததே இல்லை. அந்தம்மா போட்ட நினைப்பு அது. இன்று வரைக்கும் மீன் வயிற்றைக் கீறும்போது கை ஒரு நொடி நிற்கிறது.

அந்தச் சமயத்தில்தான் உனக்கு வேலை கிடைத்தது. இங்கிலீஷ் பேசத் தெரிந்த குப்பத்துப் பையன் என்று உன் தொண்டு நிறுவனம் உன்னைக் கொத்திக்கொண்டு போனது. கழுத்தில் அட்டை, தலையில் தொப்பி, கையில் இரண்டு செல்போன். உன் மேடம், அந்த வெள்ளைக்காரம்மா, நல்லவள். நம் கூடாரத்தில் தரையில் உட்கார்ந்து டீ குடித்தாள். ஜனங்கள் மீன் வாங்கமாட்டேன் என்கிறார்களே, படகு கொடுத்து என்ன பிரயோசனம் என்று அவளுக்குக் கவலை. நியாயமான கவலை. அதற்கு நீதான் வழி சொன்னாய். மார்க்கெட் எதிரில் மேடை போட்டு, எல்லோர் கண்முன்னாலும் மீன் சாப்பிட்டுக் காட்டலாம். பெரிய மனிதர்கள் சாப்பிட்டால் ஜனங்கள் நம்பமாட்டார்கள், நடிப்பு என்பார்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி சாப்பிட்டால்?

முந்தின நாள் சாயங்காலம் வந்து கேட்டாய்.

"அம்மா, நீ ஒரே ஒரு வாய் சாப்ட்டா போதும்மா. குப்பத்துல எல்லாருக்கும் யாவாரம் நடக்கும்."

"எனக்கு வேணாம்டா. ஒங்கப்பா வரட்டும்."

"அப்பா வரட்டும்மா. அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

குப்பத்தில் பிறந்து, எத்தனையோ கருமாதிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை கேட்கிற கேள்வியா இது? உன் தாத்தாவுக்கு உன் அப்பா முதல் வாய் வைத்தபோது நீ அவர் மடியில் உட்கார்ந்திருந்தாய். வெள்ளைக்காரம்மாவுக்குத் தெரியாது, சரி. உனக்கு எப்படித் தெரியாமல் போகும்? நீ ஆறாவதிலிருந்து டவுனில் விடுதியில் தங்கிப் படித்தவன். மீன் நாற்றம் பிடிக்காது என்று வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டவன். சாப்பாடு உனக்கு வெறும் சாப்பாடாகிவிட்டது. நான் விளக்க வாயெடுப்பதற்குள், "மேடத்துகிட்ட நீ ஒத்துக்கினன்னு சொல்லிட்டேம்மா" என்றாய். உன் கண்ணில் ஒரு பயம் இருந்தது. புது வேலை, வாக்குக் கொடுத்துவிட்டாய், அம்மா கவிழ்த்துவிட்டால் மூக்குடைபடும். அந்தப் பயத்தைப் பார்த்துவிட்டு என்னால் பேச முடியவில்லை. நான் பேசாமல் இருந்ததை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், உனக்கு உறைக்கிறதோ இல்லையோ. நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் உன் அம்மா மில்லில் வேலை செய்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தாய். எனக்குத் தெரியும். உன் கூட்டாளி ஒருவனின் அம்மா என்னிடம் மீன் வாங்குகிறவள், சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு நாள் மார்க்கெட் தெருவில் நீ கூட்டாளிகளோடு வந்தாய். நான் கூடையோடு எதிரில் வந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு ஒரு சினிமா போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தாய். நானும் தெரியாதவள் மாதிரிக் கடந்து போனேன், உனக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று. அன்றைக்கு அழவில்லை நான். மீன் மீந்துவிடுமே என்ற கவலை இருந்தது, அதைப் பார்த்தேன். ஆனால் மறக்கவும் இல்லை.

மேடை அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ போகிற இடத்தில் எல்லாம் சொல்கிறாய். என் பக்கத்துக் கதை இது. மார்க்கெட் எதிரில் ஷாமியானா, ஸ்பீக்கர், கேமராக்காரர்கள். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் ஒரு ஓரமாக நின்றார்கள், உன் அத்தையும்தான். நான் மேடை ஏறிச் சும்மா தட்டைக் கையில் வைத்திருந்துவிட்டு, முடியவில்லை என்று இறங்கிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் ஏறினேன். தட்டை நீதான் கொண்டுவந்து நீட்டினாய். நீட்டிவிட்டு மைக்கைப் பிடித்து, "இவங்க என்னோட அம்மா" என்றாய். "இவங்க மீன் வித்துதான் என்னப் படிக்கவச்சாங்க. எங்கப்பாவ இன்னும் காணல. ஆனா எங்கம்மா ஒங்க எல்லாருக்கும் முன்னால மீன் சாப்புடப்போறாங்க."

என்னோட அம்மா. முத்தியால்பேட்டை மார்க்கெட் எதிரில், ஸ்பீக்கரில், அத்தனை ஜனத்துக்கு நடுவில். எந்தத் தெருவில் நீ போஸ்டர் படித்தாயோ அதே தெருவில். மகனே, அந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உன் அப்பாவுக்காகக் காத்திருந்ததை விட அதிக நாள் அதற்காகக் காத்திருந்திருக்கிறேன். தட்டில் வஞ்சிரம் வறுவல் இருந்தது. எடுத்து வாயில் வைத்தேன். நீ சொல்லிக்கொண்டு திரிகிற மாதிரி ஊருக்காகவும் இல்லை, குப்பத்து வியாபாரத்துக்காகவும் இல்லை. கைதட்டினார்கள். போட்டோவில் நான் சிரிக்கிறேனே, அது உன் வார்த்தைக்குச் சிரித்த சிரிப்பு. அதைத்தான் நீ தீவு தீவாகக் காட்டப்போகிறாய்.

நீங்கள் எல்லோரும் ஷாமியானாவைக் கழற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டீர்கள். போட்டோவை அனுப்ப வேண்டியிருந்தது என்று பிறகு சொன்னாய். இருட்டுகிற நேரத்துக்கு உன் அத்தை சொந்தக்காரப் பெண்களோடு வந்தாள். வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்தாள். சட்டியைப் பார்க்கவில்லை.

"வச்சிட்ட இல்ல?" என்றாள்.

"அண்ணி, அவன் கேட்டான்..."

"எந்தம்பி செத்துட்டான்னு மைக்கு வச்சி ஊருக்கே சொல்லிட்ட. இனிமே ஒங் கழுத்துல இன்னாத்துக்குடி அது?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் அழுதுகொண்டே கேட்டாள். கேட்டது சரி என்று எனக்கே தெரிந்தது. எங்கள் பாஷையில் நான் சொல்லிவிட்டேன், திரும்ப எடுக்க முடியாது. அடுத்த நாள் பஞ்சாயத்தார் ஆள் அனுப்பி, கருமாதியை முடித்துவிடலாம் என்றார்கள். உடம்பு இல்லாததால் அவர் சட்டை ஒன்றை வைத்து அன்றைக்கே செய்தார்கள். அதுவும் சுனாமியில் போகாமல் வண்ணான் வீட்டில் கிடந்த சட்டை. தாலியை உன் அத்தைதான் வாங்கினாள். பந்தியில் முதல் வாய் யார் வைப்பது என்ற பேச்சே வரவில்லை. அது ஏற்கெனவே நடந்துவிட்டது, பேப்பரில் படம்கூட வந்துவிட்டது என்று ஒரு கிழவி சொன்னாள். சில பேர் சிரித்தார்கள்.

அதற்கும் அடுத்த நாள் நீ வந்தாய், கையில் பேப்பரோடு. என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா கழட்டச் சொன்னது?" என்றாய். நீதான்டா என்றேன். "இதெல்லாம் மூடப்பழக்கம்மா, இந்தக் காலத்துலகூட..." என்று ஆரம்பித்து எனக்குப் பாடம் எடுத்தாய். சொல்லி அனுப்பியும் பெற்ற அப்பாவின் கருமாதிக்கு வராத பிள்ளை எடுத்த பாடம். பிறகு உன் போன் அடித்தது. எழுந்து போய்விட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உன் அத்தை மட்டும் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவளுக்கு ஒரே தம்பி.

இதில் ரொம்பக் கொடுமை என்ன தெரியுமா? நீ செய்தது பலித்தது. சொல்தா வீட்டு அம்மா கேட்டைத் திறந்தது. "பேப்பர்ல பாத்தேன், எவ்ளோ தைரியம்மா ஒனக்கு" என்று சொல்லி வௌவால் மீன் வாங்கியது, மெர்சியும் சொன்னது. குப்பத்தில் எல்லோர் கூடையும் காலியாகித் திரும்பியது. கருமாதிப் பந்தியில் என்னைப் பார்த்துச் சிரித்த பெண்களே என்னால்தான் வியாபாரம் நடக்கிறது என்றார்கள். பலிக்காமல் போயிருந்தால் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். பலித்துவிட்டதால் உன்னைத் திட்டக்கூட எனக்கு வழி இல்லாமல் போயிற்று.

சரி, பலித்த மற்ற காரியங்களையும் பார்ப்போம். புத்தி சொல்லாமல் கடிதம் எழுதினால் அம்மா எழுதியது என்று யார் நம்புவார்கள். கரைக்கு வந்து பார். நீங்கள் ஆள்ஆளுக்குப் படகு கொடுத்தீர்கள். முன்பு ஒருவர் படகில் நாலு பேர் போய்ப் பங்கு பிரித்துக்கொண்டு வந்தார்கள். நீங்கள் எல்லோரையும் முதலாளி ஆக்கிவிட்டீர்கள். கூடப் போக ஆள் இல்லை. கரையில் வெடித்துக் கிடக்கிற ஃபைபர் படகுகளில் இன்றைக்கு ஆடு படுத்திருக்கிறது. வலை கொடுத்தீர்கள், விரல் நுழையாத கண் உள்ள வலை. கூடையில் நெத்திலி அளவுக்குச் சங்கராக் குஞ்சு வருகிறது. விற்கிற எனக்கே கூசுகிறது. வளர்ந்து வரவேண்டியதை முளையிலேயே வாரிக்கொண்டு வந்தால் அடுத்த வருஷம் என்ன வரும்? மீன்பெட்டியும் ஐஸும் கடலுக்குப் போகிற ஆண்களுக்குக் கொடுத்தீர்கள். வெயிலில் விற்றுக்கொண்டு நடக்கிறவளை நீங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. குப்பத்து முனையில் நட்ட போர்டில் 'நீடித்த வாழ்வாதாரம்' என்று எழுதியிருந்தது. போர்டு நீடித்துத்தான் இருக்கிறது. மழை ஒழுகாமல் ஒருத்தி அதைக் கோழிக்கூண்டின் மேல் போட்டிருக்கிறாள்.

அந்தத் தீவுக்குப் போனால் படகை எண்ணுவதற்கு முன்னால் அதில் ஏறப்போகிறவர்களை எண்ணு. வலை வாங்குவதற்கு முன்னால் அதன் கண்ணில் உன் விரலை விட்டுப் பார். மீன் கரைக்கு வந்த பிறகு அதை யார் தூக்கிக்கொண்டு நடக்கிறாள் என்று தேடிக் கண்டுபிடித்து, அவளிடம் முதலில் பேசு. இதெல்லாம் நீ செய்வாய். குறித்துக்கொண்டு, இங்கிலீஷில் அழகாகப் பேசி, நல்ல பேர் வாங்குவாய். அந்தளவுக்கு நீ கெட்டிக்காரன்தான்.

செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரிந்த காரியம் ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காத புருஷன் அவளுக்கு இன்னும் என்னவாக இருக்கிறான் என்று நீ கேட்கமாட்டாய். அந்த ஊரில் சாவு வீட்டில் எதைத் தின்னக்கூடாது, எதைத் தின்றால் என்ன அர்த்தம் என்று விசாரிக்கமாட்டாய். கேமரா போன பிறகு, சாயங்காலம், அவள் வீட்டுக்குள் யார் வருவார்கள் என்று பார்க்கக் காத்திருக்கமாட்டாய். நீ போய்விடுவாய், போட்டோ அனுப்ப வேண்டியிருக்கும். நம் ஊர் வழக்கமே உனக்குக் கண்ணில் படவில்லை. பாஷை தெரியாத தீவு வழக்கமா படப்போகிறது?

நீ விமானம் ஏறுகிற அன்று வழியனுப்ப வரமாட்டேன். நெற்றியில் திருநீறு வைக்க என்னைக் கூப்பிடாதே. உனக்காக எல்லையம்மனிடம் ஒன்று மட்டும் வேண்டிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தவறாமல் போய் வேண்டுகிறேன். அங்கே நீ மேடை போடுவாய். அவள் ஏறுவாள். நீ தட்டை நீட்டுவாய், அந்தக் குரலில் ஏதோ சொல்வாய். ஆனால் அவளிடம் சொல்ல உன்னிடம் 'என்னோட அம்மா' என்ற வார்த்தை இருக்காது. அது இல்லாமல் அவள் எதற்காகச் சாப்பிட வேண்டும்? அத்தனை கேமராவுக்கும் முன்னால், உன் மேடத்துக்கும் முன்னால், அவள் அந்தத் தட்டை மீனோடு சேர்த்து உன் மூஞ்சியில் விட்டெறியட்டும். எனக்கு அன்றைக்குக் கை வரவில்லை. உன்னைப் பெற்றுவிட்டேன்.